மூடாத குறி

ஊரார் கணினி நிரல்களில் மூடாமல் விட்ட குறிகளைத் தேடி மூடுவதுதான் பதினெட்டு வருடமாக என் வேலை. இப்போதெல்லாம் கைபேசியில் எழுதும் செய்தியும் குரலாகத்தான் போய்ச் சேருகிறது; எழுதுமுன் கோபமா, கொஞ்சலா என்று அதற்கும் ஒரு குறியைத் திறக்க வேண்டும். முடித்ததும் மூட வேண்டும். மறந்தால், அடுத்து எழுதுவதெல்லாம் எந்தச் செயலிக்குப் போனாலும் அதே குரலில்தான் ஒலிக்கும்.

போன வாரம் பதவி உயர்வு கேட்டு எழுதினேன். "பரவாயில்ல சார், மனசுல வச்சுக்காதீங்க" என்று மேலாளர் இர்ஃபான் பதில் போட்டார். குழம்பிப்போய் என் பழைய செய்திகளைத் தோண்டினேன். தை மாதம் மச்சினி வீட்டுக் கிரகப்பிரவேசத்தை மறந்ததற்காக மனைவி செண்பகத்திடம் கேட்ட மன்னிப்பு இன்னும் திறந்தே கிடந்தது. இது ஆவணி. பால்காரருக்கு "நாளைக்கு வேண்டாம்" என்று எழுதியதுகூட மன்னிப்பாகவே போயிருக்கிறது.

என் தொழில் திறமையை மெச்சித் தலையில் அடித்துக்கொண்டு, மூடப்போவதாகச் செண்பகத்துக்கு எழுதினேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியுங்க," என்றது அவள் குரல். "மூடாதீங்க. இப்பத்தான் நீங்க பேசுறது காது குடுத்துக் கேக்குற மாதிரி இருக்கு."

"சரி" என்று மட்டும் அனுப்பினேன். அதுவும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் போய்ச் சேர்ந்திருக்கும்.