சோப்பு நுரை

"ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய டர்போ மாட்டிட்டா, அப்புறம் நம்ம குழந்தை விஷயந்தான் மேகலா."

"போன வருசமும் இதையேதானுங்க சொன்னீங்க."

அன்று நவநீதன் சிரித்து மழுப்பினான். இன்று புது டர்போ ஏறிவிட்டது. டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் பழைய குழாயை அவன் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்ததில், கறுத்த எண்ணெய் அவளுடைய மாவுக் கரண்டியில் கொழகொழவென்று வழிந்தது. குழந்தை உண்டாக வேண்டி ஐந்து வருடமாக அவள் மட்டுமே கசப்பு மாத்திரைகளை விழுங்கி வந்தாள். கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். அவன் புதுக் குழாயில் காற்றை அடைத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு தேடிக்கொண்டிருந்தான்.

"எல்லா ஜாயின்ட்டையும் பாக்கோணும். ஒண்ணை மட்டும் குத்தம் சொல்லப்படாது."

மேகலா கரண்டியைக் குப்பையில் எறிந்தாள்.

"அப்ப நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க. உங்களையும் ஒருக்கா டெஸ்ட் பண்ணிப் பாத்துரலாமுங்க."