நங்கூரம் ஒட்டிய பேட்டரி

"கார்ல போடற பேட்டரியைப் படகுல போட்டா என்னங்க? எல்லாம் பேட்டரிதானே?"

அந்தப் பெண் கேட்ட கேள்வியில் கடைக்காரருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. துறைமுகத்துக்குப் போகிற தெருவில் பேட்டரிக் கடை வைத்திருப்பவர் பார்க்காத ஆள் கிடையாது. விலையைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுகிறவர்கள், வாரண்டி அட்டையை நீட்டிச் சண்டைக்கு வருகிறவர்கள், எல்லாம் தெரிந்த மாதிரி பேட்டரியைத் தட்டிப் பார்க்கிறவர்கள். இப்படி ஒரு வெள்ளந்தி இன்றுதான் வந்து வாய்த்திருக்கிறாள்.

"படகு எந்த மாதிரிங்க மேடம்?"

"சின்னப் பாய்மரப் படகு. காத்துலதான் போகும். ஆனா ராத்திரி பூரா விளக்கு எரியணும், ரேடியோ வேலை செய்யணும், உள்ள தண்ணி வந்துட்டா பம்ப் ஓடணும். கடலுக்குள்ள நாங்க ரெண்டு பேரு மட்டும்தான். கையைக் கடிக்காத விலையில ஏதாவது காட்டுங்க."

ரெண்டு பேரில் இன்னொருவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வலது கையை பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, கடையையே விலைக்கு வாங்க வந்தவர் போல ஒரு நிற்பு. சரியான உம்மணாமூஞ்சி.

பேட்டரி வியாபாரத்தில் புருஷனிடம்தான் பேச வேண்டும் என்பது கடைக்காரரின் கொள்கை. "சார் என்ன சொல்றீங்க? எத்தனை ஆம்பியர் பார்க்கலாம்?"

பதில் இல்லை. ஒரு வணக்கம்கூடக் கிடையாது.

"அவர்கிட்ட ஏன் கேக்கறீங்க? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்," என்றாள் மனைவி. கணவர் அவளை ஒரு முறை முறைத்தார்.

கடைக்காரர் முதலில் ஒழுங்கான சரக்கைத்தான் காட்டினார். "இது படகுக்குன்னே செஞ்சது மேடம். கொஞ்சம் கொஞ்சமா, ரொம்ப நேரம் கரண்ட் குடுக்கும். லித்தியம் இன்னும் நல்லா இருக்கும், ஆனா விலை கிட்ட நெருங்க விடாது. உங்களுக்கு இதுவே தாராளம்."

கணவரின் முகம் லேசாக மலர்ந்தது. மனைவியோ உதட்டைப் பிதுக்கினாள்.

"பார்க்கவே சப்புனு இருக்கே. அதோ, மூலையில நங்கூரம் படம் போட்டு ரெண்டு இருக்கே, அது?"

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டும் பழைய கார் பேட்டரிகள். யார் தலையிலும் கட்ட முடியாமல் தூசி தின்றுகொண்டிருந்தவை. போன மாதம்தான் ஒரு யோசனை தோன்றி, நங்கூரம் ஸ்டிக்கர் வாங்கித் தன் கையாலேயே ஒட்டிவைத்தார். இன்ஜினைக் கிளப்ப ஒரு உதை கொடுக்குமே தவிர, இரவெல்லாம் விளக்கு எரிக்கிற பொறுமை அவற்றுக்கு ஏது? நாலு தடவை கடலுக்குப் போனால் நடுக்கடலில் கையை விரித்துவிடும்.

மனசாட்சி சுருக்கென்று குத்தத்தான் செய்தது. 'நானா கூப்பிட்டேன்? அவளா கேக்கறா' என்று அதன் வாயை அடைத்தார்.

"அது ஸ்பெஷல் மேடம். கப்பல்காரங்க வாங்கறது," என்றவர், பாதியாகக் குறைக்கப்போகிறாள் என்ற தைரியத்தில், ஒழுங்கான பேட்டரியைவிடக் கூடுதலாக ஒரு விலையைச் சொல்லிவைத்தார்.

"அவ்வளவுதானா? ரெண்டையும் குடுத்துடுங்க."

கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கணவரின் கழுத்து சிவந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. இடது கையால் மனைவியின் தோளைப் பிடித்து இழுத்தார்.

"சும்மா இருங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது," என்று தோளை உதறினாள் அவள். "பேட்டரின்னா பேட்டரிதான். படம் எவ்வளவு அழகா இருக்கு பாருங்க!"

பேட்டரிகள் இரண்டும் மேசைக்கு வந்தன, பில் போட்டாயிற்று. அவள் கணவரின் சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தாள். கடைக்காரர் கையை நீட்டினார். இன்னும் ஒரு நொடியில் பணம் கைமாறிவிடும், அந்தப் பழைய சரக்கும் தொலைந்துவிடும்.

கணவரின் இடது கை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

"வே... வே..." கோபத்தில் நாக்கு குழறியது. "வேணாம்! அது... கார்... கார் பேட்டரிடி! அறிவிருக்கா உனக்கு?"

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவ்வளவுதான், இனி மனைவி பிடித்துக்கொள்வாள், தெருவே கூடிவிடும், மானம் கப்பலேறிவிடும் என்று தலையைக் குனிந்துகொண்டார். கை தன்னால் ஒரு நங்கூரத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கியது.

திட்டு விழவில்லை. மெல்ல நிமிர்ந்து பார்த்தார்.

அவள் கணவரின் கன்னத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். கண்ணைத் துடைக்கவும் தோன்றாமல் கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"பக்கவாதத்துல பேச்சு போனதுலேருந்து, இந்த வாயிலேருந்து ஒரே ஒரு வார்த்தை வராதான்னு மாசக்கணக்கா தவம் கிடந்தேன் அண்ணே! அது கார் பேட்டரின்னு உள்ள நுழைஞ்சப்பவே எனக்குத் தெரியும். இன்னொரு தப்பான பேட்டரி இருந்தா எடுத்துட்டு வாங்க, சீக்கிரம்!"