இரும்புக்கும் கத்தணும்

"தங்கத்துக்கு மட்டும் சத்தம் போடுற மெஷின வச்சு நான் என்ன செய்ய? இரும்புக்குக் கத்துறத எடுங்க பாய்!"

ராமலட்சுமி போட்ட சத்தத்தில் கடையில் நின்ற மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாலக்காட்டில் நியாஸின் கடையில் கண்காணிப்பு கேமராக்களோடு மெட்டல் டிடெக்டரும் கிடைக்கும். கடற்கரை மணலிலும் காட்டிலும் மேட்டிலும் புதைந்து கிடக்கும் உலோகத்தைத் தேடுகிற கருவி. வாங்க வருகிறவர்கள் எல்லோரும் வாயைத் திறந்தவுடன் கேட்பது தங்கத்தைத்தான். இந்த அம்மாள் என்னவோ தலைகீழாக நின்றாள். மூணாறுப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பஸ் மாறி மாறி வந்தவள், நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"ஏனுங்க்கா, கொஞ்சம் கேளுங்க." நியாஸ் பொறுமையாகத்தான் ஆரம்பித்தான். "மொதல் தடவ வாங்கறீங்க. இதப் பாருங்க."

விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, மஞ்சள் நிற மெஷினின் வட்டத் தட்டை அதன் மேல் காட்டினான். கீச்சென்று கத்தியது. அடுத்து ஒரு துருப்பிடித்த ஆணியை வைத்தான். மெஷின் வாயே திறக்கவில்லை. பெற்ற பிள்ளை பரிசு வாங்கியதுபோல் நியாஸ் சிரித்தான்.

"பாத்தீங்களா? ஆணி, தகரம், சோடா மூடி எதையும் கண்டுக்காது. வெறும் இரும்பத் தோண்டித் தோண்டிக் கை வலிக்கற வேலையே இல்லீங்க."

"தோண்டுற கை என்னுது. ஒங்களுக்கு ஏன் வலிக்குது?"

நியாஸுக்குச் சுருக்கென்றது. மஞ்சள் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்து வைத்தான்.

"இது எல்லாத்துக்கும் கத்துமுங்க. ஆனா தண்ணி ஆகாது. பட்டா போச்சு."

"அப்ப அதுவும் வேணாம். மேல மண்ணுலயும் தேடணும், கீழ ஆத்து மணல்லயும் தேடணும். அது எங்க கெடக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எதுங்க? என்ன பொருள்னு சொன்னாத்தானே நானு சரியானத எடுத்துத் தர முடியும்?"

"ஸ்டீல் கம்பி. ஒரு முழம் இருக்கும்."

"கம்பியா?"

"ஆமா, கம்பிதான்! நாளைக்கு ஜேசிபி எறங்குது. மண்ண நெரவிப் புதுசா தேயிலக் கன்னு நடப் போறாங்களாம். அதுக்கு முந்தி நான் எடுத்தாகணும். நின்னு பேசிக்கிட்டிருக்க நேரமில்ல."

நியாஸின் கை அப்படியே நின்றது. "எந்த எஸ்டேட்டுங்க?"

"போன மழையில மல சரிஞ்சுச்சே, அந்த எஸ்டேட்டு."

அவ்வளவுதான். நியாஸுக்குத் தலைக்கேறிவிட்டது. போன மாதம் ஒருவன், கடற்கரையில் சில்லறை பொறுக்கப் போவதாகச் சொல்லி இதே மேசையில் மெஷின் வாங்கினான். வாங்கியவன் நேராக அந்த எஸ்டேட்டுக்குப் போய், தொழிலாளர் குடியிருந்த லயங்கள் புதைந்த மண்ணைத் தோண்டிச் செத்தவர்களின் தாலியையும் கம்மலையும் எடுத்துவிட்டான். கருவி விற்ற பாவத்துக்கு நியாஸையும் ஸ்டேஷனில் உட்கார வைத்து விசாரித்தார்கள். அதிலிருந்து அந்த எஸ்டேட்டின் பேச்சை எடுத்தாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வெக்கமா இல்லீங்களா?" மெஷினைப் பெட்டிக்குள் திருப்பி வைத்து மூடினான். "அவன் தங்கத்துக்குப் போனான், நீங்க ஆக்கிரி இரும்புக்குப் போறீங்க. கூரத் தகரம், கட்டில்னு பழைய இரும்ப லாரி லாரியா அள்ளுனது பத்தலீங்களா? அத்தன சனம் உசுரோட பொதஞ்ச எடமுங்க அது!"

"எனக்குச் சொல்லித் தாரியா?" ராமலட்சுமியின் பேச்சிலிருந்து மரியாதை கழன்று விழுந்தது. "அந்த லயத்துல குடியிருந்தவடா நான்! அன்னைக்கு மக வீட்டுக்கு வண்டிப்பெரியாருக்குப் போனதால பொழச்சுக் கெடக்கேன். அந்தத் திருட்டுப் பயலப் பிடிச்சுக் குடுத்ததே நாங்கதான். அவன் கையில பாத்துத்தான் இப்பிடி ஒரு மெஷின் இருக்குறதே எனக்குத் தெரியும்."

"ஓஹோ! அவனப் பாத்துக் கத்துக்கிட்டு நீங்களும் கெளம்பீட்டீங்களாக்கும்? கூட இருந்த சனத்த மூடுன மண்ணு காயல, அதுக்குள்ள இரும்பு பொறுக்கோணுமா? உங்களுக்கு நான் விக்க மாட்டேன். போங்க!"

"வித்துத்தான் ஆகணும்! இது இல்லாம நான் மல ஏற மாட்டேன்."

"எதுக்குன்னு ஒழுங்கா சொல்லுங்க, பாக்கலாம்."

"ஆபீஸ் ஆபீஸா ஏறிச் சொல்லிச் சொல்லி என் வாய் செத்துப் போச்சு. கேட்ட ஒருத்தனாவது மண்ணுல கால வச்சானா? ஒங்கிட்டயும் சொல்லி அழணுமா?"

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "அந்தம்மாவ வெளிய அனுப்புங்க நியாஸ்," என்றார். நியாஸுக்கு அது போதுமானதாக இருந்தது. மேசையைச் சுற்றி வந்து, கதவை விரியத் திறந்து பிடித்தான்.

"ஒரு முழக் கம்பிக்கு இந்தக் கூத்தா? எந்த ஹார்டுவேர் கடையிலயும் புதுசாவே கெடைக்கும். போய் வாங்கிக்கங்க!"

ராமலட்சுமி நகரவில்லை. கண்ணாடி மேசை அதிர ஓங்கி அறைந்தாள்.

"கடையில கெடைக்காதுடா! பைக்குல விழுந்து தொட எலும்பு ரெண்டா ஒடிஞ்சப்ப, ஆஸ்பத்திரியில உள்ள வச்சுத் தச்ச கம்பிடா அது. இந்த மெஷின் எந்த எடத்துல கத்துதோ, அங்கதான் என் மகன் வினோ கெடக்கான்!"