சோதனைக்கு வந்தவர்

திரையில் துப்பாக்கியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதை அடக்கிக்கொண்டு, பைகள் ஊர்ந்து வரும் பெல்ட்டை நிறுத்தினாள்.

விமான நிலையத்தில் பயணிகளின் பைகளை எக்ஸ்ரே திரையில் பார்த்து அனுப்புகிற வேலை அவளுக்கு. மேலிடத்திலிருந்து அவ்வப்போது ஓர் ஆள் பயணி வேஷத்தில் வருவார், பையில் பொம்மை ஆயுதத்தை ஒளித்துவைத்து ஆழம் பார்ப்பார். இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். அதிலிருந்து உடன் வேலை செய்பவர்கள் அவளுக்குக் 'கழுகு' என்று கேலிப் பெயர் வைத்துவிட்டார்கள்.

இன்னொரு முறை விட்டால் வேலை போய்விடும். கணவன் இடுப்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிற வீட்டில், அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அதனால்தான் காலையில் சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் போட்டார். "இன்னிக்கு ஆள் வர்றார். பையில பொம்மைத் துப்பாக்கி இருக்கும். பிடிச்சிட்டேன்னா தப்பிச்சே. நான் சொன்னேன்னு மட்டும் மூச்சு விடாதே."

"சொல்லி வெச்சுப் பிடிச்சா அது டெஸ்ட்டா சார்?"

"நியாயம் பேசற நேரமா இது? உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

வேலை வேண்டும். வாயை மூடிக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

இதோ, வந்தாகிவிட்டது. பிளாஸ்டிக் பொம்மை என்றால் திரையில் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். இதுவோ இரும்புக்கே உரிய கருநீலத்தில் தெரிந்தது. மேலிடத்தில் இந்தத் தடவை ரொம்பவே மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பைக்கு உரியவர் மறுபக்கம் வந்து நின்றார். இஸ்திரி கலையாத சட்டை, மெல்லிய மூக்குக் கண்ணாடி, பார்த்தால் எழுந்து நிற்கத் தோன்றும் தோரணை.

நிஜப் பயணி என்றால் மேசைக்கு அடியில் இருக்கும் பொத்தானை அழுத்திப் போலீஸைக் கூப்பிட வேண்டும். மேலிடத்து ஆளுக்காக அதை அழுத்திக் கூட்டத்தைக் கலவரப்படுத்தினால், அதற்கும் அவளுக்குத்தான் திட்டு விழும். எழுந்து போய்ப் பையைத் தானே எடுத்து, அவரை ஓரமாக அழைத்தாள்.

"துப்பாக்கியப் பாத்துட்டேன் சார்" என்றாள், குரலைத் தாழ்த்தி.

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பதறாதீங்க சார். நான் யாரையும் கூப்பிடல. டெஸ்ட்டுக்குத்தானே வந்திருக்கீங்க?"

அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "கெட்டிக்காரம்மா நீங்க. எத்தனை வருஷமா இருக்கீங்க இந்த வேலையில?"

"ஆறு வருஷம் சார். ஏற்கெனவே ரெண்டு தடவ விட்டுட்டேன். பாத்து நல்லபடியா எழுதுங்க சார்."

"எழுதறேன். பிளேன் ஏறுற வாசல்ல இருக்கறவங்களையும் நான் பாக்க வேண்டியிருக்கு. அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சேச்சே, சொல்வேனா?" என்று பையை அவர் தோளில் மாட்டிவிட்டாள். அவர் அவசரமில்லாமல் உள்ளே நடந்தார்.

பக்கத்து மேசையில் ஒரு வெல்டர் வெறுங்காலோடு நின்றிருந்தார். அவருடைய பெட்டி மொத்தமும் கொட்டிப் பரப்பப்பட்டிருந்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அவரைத்தான் ஓரம்கட்டுவார்கள், ஏன் என்று கேட்டால் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்தது என்பார்கள்.

"மேடம், என் பொண்ணுக்கு வாங்கின கலர் பென்சிலைக்கூட ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தீங்க. அவர் பையை ஏன் திறக்கவே இல்ல?"

"அது வேற விஷயம்."

"என்ன வேற? அவர் சட்டை வேற, என் சட்டை வேற. அவ்வளவுதானே?"

"எல்லாருக்கும் ஒரே ரூல்தான். பெட்டிய மூடிட்டுக் கிளம்புங்க, பிளேன் போயிடும்."

"அதுக்குத்தான் கேக்கறேன் மேடம். அவரும் என் பிளேன்லதான் வர்றார். கையில இருந்த பாஸைப் பாத்தேன். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்கு வேலை போகும், எனக்கு உயிரு போகும்."

கேள்வியில் இருந்த நியாயம் அவளுக்குச் சுருக்கென்று பட்டது. ஆனாலும் உண்மையைச் சொல்ல முடியாதே. "அவர் யாருன்னு தெரிஞ்சா இப்படிப் பேச மாட்டீங்க" என்று மட்டும் சொன்னாள்.

வெல்டர் முணுமுணுத்துக்கொண்டே பென்சில்களைப் பொறுக்கினார். அவருக்குப் பெட்டி பூட்டவில்லை. அவளே குனிந்து மூடியை அழுத்திக் கொடுத்தாள், அவர் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

கூட்டம் வடிந்ததும் கணவனுக்குச் செய்தி அனுப்பினாள். 'பாஸ் பண்ணிட்டேன். இனிமே கவலை இல்ல.' உடனே பதில் வந்தது, அவன் எப்போதோ அனுப்புவதை நிறுத்தியிருந்த முத்தப் பொம்மை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பல மாதங்களாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் ஒரேயடியாக இறங்கியது.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வெல்டர் ஏறிய விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பி மேகத்துக்குள் போயிற்று.

சூப்பர்வைசர் இரண்டு காகிதக் கோப்பைகளில் தேநீரோடு வந்தார். அவரே கொண்டுவந்து கொடுப்பது இதுதான் முதல் தடவை. விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போய்விட்டது போலிருக்கிறது என்று அவள் எழுந்து நின்றாள்.

"உக்காரு, உக்காரு. காலையிலேர்ந்து பயந்துகிட்டே இருந்திருப்பே. நிம்மதியா டீயைக் குடி" என்று கோப்பையை அவள் கையில் வைத்தார். "டெஸ்ட்டுக்கு வர்ற ஆளுக்குக் காய்ச்சலாம். இன்னிக்கு வரல."