கடைசியாக எடுத்த படம்

ஏலத்தோட்டத்தில் அரிவாள் பட்ட சீனிச்சாமியின் கால் புண் நாற்பது நாளாகியும் ஆறவில்லை. சர்க்கரை வேறு. காலை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவன் மனைவி வீரலட்சுமிக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. குரங்கணியிலிருந்து ஜீப்பில் ஏற்றி அவனைப் போடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

டாக்டரம்மா ஊசி குத்தவில்லை, கத்தி எடுக்கவில்லை. பாதத்தின் மேல் சிவப்பு வெளிச்சம் அடித்தார். பிறகு உடம்புச் சூட்டைப் படமெடுக்கும் கேமராவை அதன் மேல் பிடித்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தோலுக்கடியில் ரத்தம் எப்படி ஓடுகிறதென்று தெரிந்துவிடுமாம்.

சிறிது நேரம் கழித்து வீரலட்சுமியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

திரையில் ஒரு பாதம். விரல்களெல்லாம் நீலம்.

"நீலமா இருக்குற எடத்துக்கு ரத்தம் சரியாப் போகலம்மா."

"ஆத்தே! காலை எடுத்துருவீகளா? மலையேறாம அந்த மனுசன் ஒருநா இருக்க மாட்டாரு தாயி. அவருகிட்டச் சொல்லிராதீக!"

"அவருக்கு ஒண்ணுமில்ல. ரத்தம் நல்லா ஓடுது. புண்ணு ஆறிரும்."

"பெறகு இது யாரு காலு?"

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல கால் எப்படியிருக்கும்னு ஒத்துப் பாக்க, கடைசியா உங்க காலையும் படமெடுத்தேன்ல? அதாம்மா இது. பயப்படாதீங்க, இப்பவே வைத்தியம் பாத்தா காப்பாத்திரலாம்."

வெளியே பெஞ்சிலிருந்து சீனிச்சாமியின் குரல் வந்தது.

"ஏ புள்ள, காலுக்கு என்னாச்சாம்?"

வீரலட்சுமி தன் கால் விரல்களைச் சேலைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.