பின்னங்கால்

மீன்தொட்டியின் நீல வெளிச்சம் கணவனின் முகத்தில் அலைகிறது. முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்ட அரவானா மீன், கண்ணாடியோரம் திரும்பித் திரும்பி அவன் விரல்களையே பார்க்கிறது. அவன் மடியிலிருக்கும் டப்பாவின் மூடியை வெட்டுக்கிளிகள் உள்ளிருந்து முட்டுகின்றன. ஒன்றைப் பிடித்து, நகம் வெட்டுகிற நிதானத்தோடு அதன் பின்னங்கால் இரண்டையும் கிள்ளிச் செய்தித்தாளில் போடுகிறான். "முள்ளு முள்ளா இருக்கும். செல்லத்துக்கு வாயில குத்திடும்ல?" மீனிடம் பேசும்போது மட்டும்தான் அவனுக்கு இந்தக் குரல் வரும். கதவோரம் நிற்கும் மனைவி, காலையிலிருந்து மென்று விழுங்கியதை இப்போதுதான் கேட்டிருக்கிறாள்: ரெண்டு நாள் அக்கா வீட்டுக்குப் போய்ட்டு வரட்டுமா? அவன் தலை நிமிரவில்லை. "போயேன். நான் என்ன உன்னைக் கட்டியா போட்டிருக்கேன்?" கால் போன வெட்டுக்கிளியைத் தண்ணீரில் விடுகிறான். அது தாவப் பார்த்து, இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. மீனுக்கு அவசரமில்லை, அடியிலிருந்து மெல்ல மேலே வருகிறது. அவன் சட்டைப்பையில் போன் அதிர்கிறது. அது அவளுடைய போன். துணியை மீறி வெளிச்சம் தெரிகிறது. இந்த நேரத்துக்கு அழைப்பது அக்காதான் என்று அவளுக்குத் தெரியும். அவன் எடுக்கவில்லை. அவளும் போனைக் கேட்கவில்லை. ஓய்ந்து, மறுபடி அதிர்கிறது. செய்தித்தாளில் கிடக்கும் கால்களில் ஒன்று இன்னும் உதைத்துக்கொண்டிருக்கிறது.