கழுத்தின் நிறம்

எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையப் பழக, தேர்ந்த பழைய ஓவியர் ஒருவரின் படத்தை அப்படியே பிரதி எடுக்க வேண்டும் என்று நீலவேணி அந்த பங்களாவுக்கு வந்துகொண்டிருந்தாள். கூடத்துப் படத்தில், எந்தக் காலத்திலோ அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் அட்டிகை அணிந்து உட்கார்ந்திருந்தாள். முகம் எளிதாக வந்துவிட்டது. கழுத்துதான் படியவில்லை. அட்டிகைக் கற்களின் இடையே தெரிந்த தோலுக்குச் சந்தன நிறத்தை எப்படிக் குழைத்தாலும் ஒட்டவில்லை. கடைசியில் கொஞ்சம் ஊதாவும் பச்சையும் கலந்தாள், அச்சாகப் பொருந்தியது. பூசி முடித்து விலகி நின்று பார்த்தாள். நகை இன்னும் வரையாத அவளுடைய பிரதியில், கழுத்தைச் சுற்றி விரல்களின் தடம் கன்றிப்போய்க் கிடந்தது.

காப்பி கொண்டுவந்த பத்மாசினி, அந்த வீட்டின் இப்போதைய மருமகள், அதைப் பார்த்து அசையாமல் நின்றாள்.

“அட்டிகையைச் சீக்கிரம் வரைஞ்சு முடிச்சிரும்மா,” என்றாள் மெதுவாக. “அவர் வர்ற நேரம்.”

காப்பிக்குக் கைநீட்டிய நீலவேணி அப்போதுதான் கவனித்தாள். சமையலறையிலிருந்து சாதாரணப் புடவையில் வந்திருந்த பத்மாசினியின் கழுத்தை ஒட்டி, அதே அட்டிகை.

வாசலில் கார் வந்து நின்றது. நீலவேணி அட்டிகைக்கு வேண்டிய மஞ்சள் வண்ணத்தைத் தொடவில்லை. தூரிகையை மறுபடி ஊதாவில் நனைத்தாள். பத்மாசினி தடுக்கவில்லை. வாசலுக்கும் படத்துக்கும் நடுவே நின்றிருந்தவள், சற்று நகர்ந்து நின்றாள்.